சித்திரை வெயிலிலும் அசோலா

தண்ணீரில் மிதந்து வளரும் பெரணி அசோலா. இதற்குப் பூவும் கிடையாது, காயும் கிடையாது. இலைக்குழியில் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. உலர்ந்த எடையில் ஏறத்தாழ 25 சதவீதம் புரதம். மாடும் கோழியும் வளர்க்கும் வீட்டுக்கு இதைவிட மலிவான பசுந்தீவனம் அரிது. மதுரைப் பக்கம் இதற்கு எதிரி வெயில்தான்.

1. 20 முதல் 30 டிகிரி வரை அசோலா செழிக்கும். 35-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் மதுரை 40-ஐத் தொடுகிறது. ஆகவே நிழல்தான் முதல் வேலை. வேப்பமரத்தடி நல்ல இடம். ஆனால் மாசி, பங்குனியில் இலை கொட்டித் தொட்டியை மூடிவிடும். மேலே பச்சை நிழல்வலை கட்டிவிடுங்கள். மொட்டை மாடி என்றால் தொட்டிக்கு விரிக்கும் தார்ப்பாய்க்கு அடியில் வைக்கோல் பரப்புங்கள், தளத்தின் சூடு ஏறாது. கோடையில் தண்ணீர் மட்டத்தை அரை அடிக்கு உயர்த்தினால் சீக்கிரம் கொதிக்காது.

2. ஏழரை அடிக்கு ஐந்தடி இடம் போதும். சுற்றிலும் செங்கல் அடுக்கி, சில்பாலின் தார்ப்பாய் விரித்து, சலித்த வண்டல் மண் 10 முதல் 15 கிலோ பரப்புங்கள். 2 கிலோ சாணத்தையும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அரை கிலோ அசோலாவைத் தூவுங்கள். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் 'நார்டெப்' அமைப்பு பரப்பிய முறை இது.

3. உப்புத் தண்ணீர் ஆகாது. போர் தண்ணீர் கரிக்கும் தெருக்களில் மழைநீரைச் சேர்த்து வையுங்கள். குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம்.

4. பக்கக்கிளை ஒடிந்து தனிச்செடியாகிறது; அதுவே இதன் பெருக்கம். இடமும் சத்தும் இருந்தால் மூன்று முதல் ஐந்து நாளில் இரட்டிப்பாகும். இடம் நெருங்கினால் வளர்ச்சி நின்று, அடியில் உள்ளது அழுகி நாறும். அதனால் பத்து, பதினைந்து நாளில் தொட்டி நிறைந்ததும் தினமும் அரை கிலோவரை சல்லடையால் அள்ளிவிடுங்கள். பாவம் பார்த்து விட்டுவைத்தால் மொத்தமும் போகும்.

5. இலை சிவந்தால் வெயில் அதிகம், அல்லது மணிச்சத்துக் குறைவு.

6. ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கிலோ சாணம், 20 கிராம் சூப்பர் பாஸ்பேட். பத்து நாளுக்கு ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். எடுத்த தண்ணீர் வாழைக்கும் கருவேப்பிலைக்கும் நல்ல உரம்.

7. சாண வாடை போகும்வரை அலசியபின் தீவனத்தோடு கலந்து கொடுங்கள். முதலில் ஒரு கைப்பிடி. பழகியபின் கறவை மாட்டுக்கு நாளுக்கு 2 கிலோ வரை கொடுக்கலாம்.

8. அசோலாவின் அடர்ந்த போர்வை கொசு முட்டையிடுவதைக் குறைக்கும்; ஆனால் இடைவெளி விட்ட தொட்டியில் புழு வைக்கும். நாலு கப்பி மீனை விட்டுவிடுங்கள்.

9. நெல் உள்ளவர்கள், குறிப்பாகக் கால்வாய்ப் பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம் காண்பவர்கள், நட்ட ஒரு வாரத்தில் தேங்கிய நீரில் தூவலாம். வயல் நிறைந்ததும் நீரை வடித்து, களைக்கருவியால் அமுக்கிவிட்டால் தழைச்சத்து மண்ணில் சேரும். சீனாவிலும் வியட்நாமிலும் நூற்றாண்டுகளாக இதைச் செய்துவந்தார்கள்.

10. தூவுவதற்கு அசோலா வாங்கும்போது உற்றுப் பாருங்கள். அசோலா இலை மிகப் பொடிசு. கட்டைவிரல் நகம் அளவில், மேலே ரோமம் நின்றால் அது சால்வினியா. பிரேசிலிலிருந்து வந்து, கேரளத்தில் 'ஆப்பிரிக்கன் பாயல்' என்ற பெயரில் காயலையும் வயலையும் மூடிய களை. அதை வாங்காதீர்கள். அசோலாவே மிஞ்சினாலும் மண்புழு உரக்குழியில் போடுங்கள். ஆகாயத்தாமரை படர்ந்து மூச்சடைக்கும் நம் கண்மாய்களில் இன்னொரு மிதவைச் செடியைக் கொட்ட வேண்டாம்.