அடுப்படியில் ஒரு கடிகாரம்

லால்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

 

நீ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன். அரிசியில் பிளாஸ்டிக், முட்டையில் பிளாஸ்டிக், பாலில் சோப்புத்தூள் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. “எதை வாங்குவது, எதைச் சாப்பிடுவது என்றே தெரியவில்லை அத்தை” என்று எழுதியிருந்தாய். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பப் போகிறாய். கைக்குழந்தைக்கு ஆறு மாதம் நிறைகிறது. பெரியவன் டப்பா எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகப் போகிறான். கவலை நியாயம்தான். ஆனால் நீ தேடுகிற எதிரி கடைத்தெருவில் இருப்பதைவிட அதிகமாக உன் அடுப்படியில்தான் இருக்கிறான். சத்துணவுக் கூடத்திலேயே காலத்தைக் கழித்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் ‘பிளாஸ்டிக் அரிசி’யை முடித்துவிடுவோம். ரேஷன் அரிசியில் அப்படித் தெரிவது செறிவூட்டிய மணி. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் சேர்த்து அரிசி வடிவிலேயே பிழிந்தெடுத்து, நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்று கலப்பார்கள். அதில் சில மணிகள் தண்ணீரில் மிதக்கும், நிறமும் சற்று மாறியிருக்கும். அதைப் பார்த்துத்தான் ஊரெல்லாம் பயப்படுகிறது. பொறுக்கி எறியாதே, சத்தே அதில்தான் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சத்துணவுக் கூடத்தில் ஃபிரிட்ஜ் கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சமைத்தோம். சாம்பார் இறங்கும்போது பதினொன்றரை, பிள்ளைகள் தட்டோடு உட்காரும்போது பன்னிரண்டரை. பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்ப்பார். மணி ஒன்றரைக்குள் அண்டா காலி, இரண்டு மணிக்கு அது கழுவிக் கவிழ்த்தாயிற்று. அங்கே எங்களைக் காப்பாற்றியது இந்த நேரக் கணக்குதான். உன் வீட்டில் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஆனால் காலை ஆறு மணிக்கு வடித்த சோறு மதியம் மேடையில், சாயங்காலம் மேடையில், ராத்திரி பத்து மணிக்குத்தான் உள்ளே போகிறது.

கிருமிகளுக்குப் பிடித்தது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு. சென்னையில் உன் சமையலறை எந்நேரமும் 30, 35 டிகிரி. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படி வெளியே வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி அரிசியோடே வருகிறது. அதன் வித்துகள் உலை கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். கிருமி செத்தாலும் வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினால் போகாது. ‘நன்றாகச் சூடு பண்ணித்தானே கொடுத்தேன்’ என்று சொல்லியும் பிள்ளை வாந்தி எடுப்பதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் பழைய சோறு எப்படி என்று கேட்பாய். தண்ணீர் ஊற்றி மூழ்க வைத்த சோற்றில் புளிப்பு அமிலத்தை உண்டாக்கும் நல்ல பாக்டீரியா பெருகும். அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை அடக்கும். சுத்தமான தண்ணீர், சுத்தமான சட்டி, விடிந்ததும் சாப்பிடுவது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் நம் வழக்கம். மேடையில் காய்ந்து கிடக்கும் மீந்த சோற்றுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

ஃபிரிட்ஜ் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சாம்பாரைச் சூட்டோடு உள்ளே தள்ளினால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும், பக்கத்தில் இருப்பதும் கெடும். அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஆவி அடங்கியதும் மூடி வை. சமைத்தது மேல் தட்டில், பச்சை மீனும் கறியும் மூடிய டப்பாவில் கீழ்த் தட்டில் இருக்கட்டும். சோறு மறுநாளோடு சரி; குழம்பு, கூட்டு மூன்று நாளைத் தாண்ட வேண்டாம். எடுக்கும்போது தேவையானதை மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்க வை. ஒரே குழம்பை மூன்று தடவை சுட வைப்பதும் உள்ளே வைப்பதும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் சமைத்து அடுக்கி வைப்பதாகச் சொன்னாய். சமையலை அடுக்காதே, சமையலுக்கான வேலையை அடுக்கி வை. சின்ன வெங்காயம் உரித்து வை. கீரையை ஆய்ந்து, ஈரமில்லாமல் துணியில் சுற்றி வை. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து வை. கொண்டைக்கடலையை வேகவைத்துச் சின்னச் சின்ன டப்பாக்களில் ஃபிரீசரில் போடு. இவ்வளவு கையில் இருந்தால் காலையில் முக்கால் மணி நேரத்தில் சமையல் முடிந்துவிடும்.

பெரியவனின் மதியச் சாப்பாட்டைத்தான் கவனமாகத் தீர்மானிக்க வேண்டும். ஆறு மணிக்கு அடைத்த டப்பாவை அவன் திறப்பது பன்னிரண்டரைக்கு. தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த குழம்பு, பச்சைப் பட்டாணி போட்ட ஈரமான கலவைச் சோறு ஆகியவை அதுவரை தாங்காது. நம் பாட்டிகள் பயணத்துக்குப் புளியோதரையைக் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது: அதில் புளிப்பு உண்டு, ஈரம் குறைவு. எலுமிச்சைச் சோறும் அப்படித்தான். தயிர்சாதம் என்றால் சோற்றைக் குழையப் பிசைந்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் விட்டுக் கலந்து அனுப்பு. மதியத்துக்குள் அது பதமாகத் தோய்ந்திருக்கும், புளிக்காது. எந்தச் சோறானாலும் தட்டில் பரப்பி ஆறவிட்டுப் பிறகு டப்பாவில் போடு. சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீரே சோற்றைக் கெடுத்துவிடும்.

கோழி வாங்கினால் மஞ்சள் போட்டு நாலு தடவை குழாயடியில் அலசுவது நம் வழக்கம். குழாய்த் தண்ணீர் தெறித்து, கோழியில் இருக்கும் கிருமி மேடை, பக்கத்தில் வைத்த வெள்ளரிக்காய் என்று எல்லாவற்றிலும் படும். கழுவாமல் மனசு ஒப்பவில்லை என்றால் பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசி, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவு. மஞ்சள் கிருமியை ஒழிக்கும் என்று நம்பி இருந்துவிடாதே, ஒழிப்பது வேக்காடுதான். கறிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை வேண்டும். அடுப்பு மேடையில் கிடக்கும் அந்தக் கரித்துணியைத் தினமும் துவைத்து வெயிலில் போடு. குடிநீரைக் கொதிக்க வைத்துவிட்டு அதில் டம்ளரோடு கையை விட்டு மொண்டால், கொதிக்க வைத்ததே வீண்.

கைக்குழந்தை விஷயம். ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு ஆரம்பி. தாய்ப்பாலை இரண்டு வயது வரை நிறுத்தாதே. ஆபீசில் எடுக்கும் பாலை எடுத்த கையோடு ஃபிரிட்ஜில் வை. புட்டிப்பால் ரப்பரைச் சுத்தம் பண்ணுவது லேசான காரியம் இல்லை, வீட்டில் இருப்பவர்களிடம் சங்கிலோ சின்னக் கிண்ணத்திலோ புகட்டச் சொல். குழைந்த சோறு, பருப்பு, ஒரு சொட்டு நெய் என்று தொடங்கு. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடாத கெட்டியாக இருக்கட்டும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். யாராவது ‘நாக்குப் புரளட்டும்’ என்று தேன் தடவ வந்தால், மாமியாரே ஆனாலும், பணிவாகத் தடுத்துவிடு. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும்.

சத்துமாவு அரைப்பதாக இருந்தால் கேழ்வரகு, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை போதும். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நிலக்கடலை சேர்த்தால் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர். பூஞ்சை பிடித்ததில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கும், வறுத்தாலும் அது முழுக்கப் போகாது.

பெரியவனுக்கு எந்த ‘ஹெல்த் டிரிங்க்’ வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. டப்பாவைத் திருப்பிப் பார். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்துதான் வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை வந்தால் அது மிட்டாய்தான். அந்தக் காசுக்கு முட்டை வாங்கு. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. அதையும் மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்துக் கொடு. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது சும்மா இல்லை. 2024இல் பஞ்சுமிட்டாயைத் தடுத்ததும் அதில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்ததால்தான். வெளியே வாங்குவதில் இரண்டை மட்டும் பார்: பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, நிறம் கண்ணைப் பறிக்கிறதா. சந்தேகம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்பிலேயே புகார் அனுப்பலாம். வீடியோவை எனக்கு அனுப்புவதைவிட அது பயனுள்ளது.

நம் வீட்டுத் தட்டைப் பார். நடுவில் சோற்று மலை, ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல், சாம்பாரில் பருப்பு அடியில். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தட்டில் பாதிக்குக் காயும் கீரையும் பழமும் இருக்க வேண்டும் என்கிறது. ஒரே நாளில் மாற்ற முடியாது. இந்த மாதம் சோற்றில் ஒரு கரண்டி குறை, பொரியலில் ஒரு கரண்டி கூட்டு. சாம்பாருக்குப் போடும் பருப்பில் ஒரு கைப்பிடி சேர். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் கொடு. உப்பு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதுவும் ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து. வடை சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதே. காசை மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

எவ்வளவு பார்த்தாலும் பிள்ளைகளுக்கு ஒருநாள் வயிறு கெடத்தான் செய்யும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வீட்டில் இருக்கட்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்து முடி. மிச்சத்தைக் கொட்டிவிடு. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதே. மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், கண் உள்வாங்கினாலும், சிறுநீர் குறைந்தாலும், சோர்ந்து துவண்டாலும் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

கடைசியாக உன்னைப் பற்றி. நம் வீடுகளில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியாகச் சாப்பிடுகிறவள் அம்மா. முட்டை தீர்ந்திருக்கும், பொரியல் தீர்ந்திருக்கும். ‘வீணாகப் போகிறதே’ என்று காலைச் சோற்றையும் முந்தாநாள் குழம்பையும் அவள்தான் தன் வயிற்றில் போட்டுக்கொள்வாள். கெட்டதும் அவளுக்கு, சத்தில்லாததும் அவளுக்கு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று கண்டார்கள். அந்தக் கணக்குக்கு இந்த மிச்சச் சோறும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

அதனால் கொஞ்சம் குறைவாகவே உலை வை. மீந்ததைக் கொட்ட மனசு வராவிட்டால் மீதமாகாமல் சமைக்கப் பழகு. ராத்திரி எல்லோரோடும் உட்கார்ந்து உன் பங்கை நீயும் போட்டுக்கொள். பரிமாறும் வேலையை மாப்பிள்ளையும் செய்யட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் முருங்கைக்கீரை சேர், மேலே எலுமிச்சை பிழி. காபியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும், பாதியில் விட்டிருந்தால் டாக்டரிடம் கேட்டுத் தொடங்கு. இந்த வாரமே ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள். 12க்குக் கீழே என்றால் ரத்தசோகைதான், தள்ளிப் போடாதே. எண்ணைப் பார்த்ததும் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அத்தை