பிரேக் கத்தினால் எண்ணெய் விடாதீங்க!



சாமளாபுரத்தில் நடந்த எங்கள் குழுக் கூட்டத்துக்கு ஓர் உறுப்பினர் முழங்கையில் கட்டோடு வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டோம்.

"ஸ்கூட்டர்ல பின் பிரேக் கீச்சு கீச்சுன்னு கத்திட்டே இருந்துச்சுங்க அக்கா. தறிக்கும் தையல் மிஷினுக்கும் எண்ணெய் விட்டா சத்தம் நிக்குதுங்களே, அதே மாதிரின்னு சக்கரத்துச் சந்துல மிஷின் ஆயிலை விட்டேன். சத்தம் நின்னுபோச்சு. அப்புறம் குளத்து ரோட்டுல பிரேக் புடிச்சா வண்டி நிக்கலீங்க."

நல்லவேளையாக எதிரே லாரி வரவில்லை. மண்மேட்டில் ஏறி விழுந்ததில் சிராய்ப்போடு போயிற்று. தினமும் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போகும் குழந்தை அன்றைக்கு வீட்டில் இருந்தது.

2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க அரசு பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தது. அப்போது வாங்கிய வண்டிகளுக்கு இப்போது வயசாகிவிட்டது. குழுக் கடனில் வாங்கிய வண்டிகளும் நம்மிடம் உண்டு. அதனால் இந்த மாதம் பிரேக் பாடம் படிப்போம்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

சக்கரத்தின் நடுவே டிரம் என்ற இரும்புக் கிண்ணம் இருக்கிறது. அதற்குள் பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள். பிரேக்கை அழுத்தினால் கம்பி இழுக்கும், ஷூக்கள் விரிந்து டிரம்மை உள்ளிருந்து அழுத்தும். அந்த உராய்வில்தான் வண்டி நிற்கிறது.

தறியிலும் தையல் மிஷினிலும் உராய்வு கூடாது, அதனால் எண்ணெய் விடுகிறோம். பிரேக் வேலை செய்வதே உராய்வால்தான். அங்கே எண்ணெய் பட்டால் ஷூ வழுக்கும், வண்டி நிற்காது. மிஷின் ஆயில், தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதுவும் ஆகாது. கடையில் 'பிரேக் ஆயில்' என்று விற்கிறார்களே என்று கேட்பீர்கள். அது டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் மூடிய குழாய்க்குள் இருப்பது. ஷூவிலோ டிஸ்க் தட்டிலோ ஊற்றுவதற்கு அல்ல.

சத்தத்தைக் கேட்டுக் காரணம் கண்டுபிடிப்போம்

1. காலையிலோ, மழையில் நனைந்த பிறகோ, வண்டி கழுவிய பிறகோ முதல் நாலைந்து தடவை மட்டும் கத்துகிறதா? ஈரமும் லேசான துருவும்தான். மெதுவாக ஓட்டி, பிரேக்கை இலேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால் போய்விடும்.

2. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'கீச்' என்கிறதா? உள்ளே தூசி சேர்ந்திருக்கலாம், அல்லது ஷூ பளபளப்பாகி இறுகிப்போயிருக்கலாம். கரும்பலகையில் சாக்பீஸ் கிரீச்சிடுகிற மாதிரி ஷூ அதிர்வதால் வரும் சத்தம் இது. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

3. 'கரகர' என்று இரும்பும் இரும்பும் உரசுகிறதா? ஷூ தேய்ந்து தீர்ந்திருக்கும். வண்டியை ஓட்டாதீர்கள். டிரம்மும் கீறிப்போனால் செலவு பல மடங்காகும்.

4. பிரேக் பிடிக்காதபோதும் உரசுகிறதா? தள்ளினால் வண்டி கனமாக இருக்கிறதா? பிரேக் அதிக இறுக்கம்.

5. சத்தமே இல்லை, ஆனால் பிடிப்பும் இல்லையா? இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. உடனே மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் போட்டுச் சாவியை எடுத்துவிடுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு டிரம்மைத் தொடாதீர்கள்.

முதலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிரேக் பிடித்தால் சட்டென்று நிற்க வேண்டும்.

அடுத்து, பிரேக் பிடியை மெதுவாக அழுத்துங்கள். பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும் முன் பிடியின் நுனி எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பல ஸ்கூட்டர்களில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சரி. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே கணக்கு.

அதிகமாக நகர்ந்தால், பின்சக்கரத்தின் அருகே கம்பி முடியும் இடத்தில் உள்ள நட்டை வலப்பக்கம் அரைச் சுற்று திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் இடப்பக்கம். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். 2019 ஏப்ரல் முதல் வந்த 125 சி.சி. வரையிலான வண்டிகளில், ஒரு பிடியை அழுத்தினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு உண்டு. அதில் நீங்களாகக் கை வைக்காதீர்கள், மெக்கானிக் செய்யட்டும்.

கடைசியாக, ஒருவர் பிரேக்கை முழுசாக அழுத்தட்டும். சக்கரத்தின் அருகே ஒரு சிறிய இரும்புக் கை அசையும். பல வண்டிகளில் அங்கே ஓர் அம்புக்குறி இருக்கும். அது மூடியில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதன்பின் நட்டை முடுக்கி ஓட்டுவது நம்மை நாமே ஏமாற்றுவது.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

டிரம்மைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய ஷூவைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றினால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். எண்ணெய் ஊறிய ஷூவைக் கழுவிப் போடுவது சரியல்ல. டிரம்மிலும் எண்ணெயைச் சுத்தமாக எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ, காற்றடித்துப் பறக்கவிடவோ வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கட்டும். பழைய ஷூக்களில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கலாம்.

புது ஷூ போட்டதும் ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அது டிரம்மோடு படிய சில நாள் ஆகும். அதுவரை வேகம் வேண்டாம்.

ஷூ மாற்றச் சில நூறு ரூபாய் ஆகும். கை கால் முறிந்தால் வேலையும் போகும், வாரச் சந்தாவும் நின்றுபோகும். எங்கள் உறுப்பினர் ஷூவை மாற்றிவிட்டார். "இனி மிஷின் ஆயில் மிஷினுக்குத்தானுங்க" என்கிறார்.

குழுவில் செய்து பாருங்கள்

அடுத்த கூட்டத்துக்கு வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியோடு வாருங்கள். ஒருவர் அழுத்த, ஒருவர் அம்புக்குறியைப் பார்க்க, எல்லா வண்டிகளையும் சோதியுங்கள். மாதம் ஒருமுறை பிரேக் பார்ப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வண்டி ஓட்டாத உறுப்பினர்களும் கற்றுக்கொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்து வருவது நீங்களும்தானே!