முத்துப்பேட்டையில் தைராய்டு பார்க்கும் தம்பிக்கு



உங்கள் கிளினிக்கில் கொடுக்கும் தைராய்டு நோட்டீஸைப் பக்கத்து வீட்டு அம்மா கொண்டுவந்து காட்டினார். டிஎஸ்ஹெச் என்பது தைராய்டைப் பார்த்து மூளை போடும் அதட்டல், சுரப்பி சோர்ந்தால் அதட்டல் கூடும் என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது வருஷம் இதைச் சொல்லத் திணறியவன் நான். "எனக்கு 11ன்னா ரொம்பத்தான் அதட்டுது போல டாக்டர்" என்றார் அந்த அம்மா. அந்த ஒரு சொல்லுக்காகவே உங்களைக் கட்டிக்கொள்ளலாம்.

அடுத்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. டிஎஸ்ஹெச் ஏறியிருந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும், இரண்டு வாரத்தில் மறுபடி டெஸ்ட் என்று போட்டிருக்கிறீர்கள். மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் (டி4) ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். புது அளவு நிலைக்க ஐந்தாறு வாரம். இரண்டு வாரத்தில் வரும் ரிப்போர்ட்டில் பழைய அளவும் புது அளவும் கலந்து கிடக்கும். அதை நம்பி இன்னொரு தடவை கூட்டிவிடுவீர்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் என்று திருத்துங்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் முதல் பாதி முழுக்க நாலு வாரத்துக்கு ஒரு டெஸ்ட்.

கூட்டுவதற்கு முன் பாட்டிலைக் கேளுங்கள். பாட்டில் இல்லாமல் வந்தவரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 100 மாத்திரை பாட்டில், வாங்கி நூறு நாள் ஆகியும் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வந்தால் அளவில் குறையில்லை, நாட்கள் விட்டுப்போயிருக்கின்றன. டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டவருக்கு டி4 சரியாக இருக்கும், டிஎஸ்ஹெச் ஏறியே நிற்கும். அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் எதிரிலேயே எண்ணிப் பாருங்கள்.

ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடச் சொன்னது சரிதான்.

ஆனால் "காலையில் வெறும் வயிற்றில்" என்பதோடு நிறுத்திவிட்டீர்களே! ஜாம்புவானோடை தர்கா இருக்கும் ஊர் இது. ரமலானில் இங்கே காலை என்பது எது?

இதைக் கேட்காமல் நானே தவறியிருக்கிறேன். தைராய்டு டெஸ்டுக்கு ரத்தத்தை ஐஸில் வைத்துத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஒரு வாரம் காத்திருந்த காலம். நோன்பு கடைசியில் ஒரு அம்மா வந்தார். 75 மைக்ரோகிராம் மாத்திரையில் நன்றாக இருந்தவருக்கு டிஎஸ்ஹெச் 14. எதுவும் கேட்காமல் 125 ஆக்கினேன். பெருநாள் கழிந்து இரண்டு மாதத்தில் படபடப்போடு வந்தார். கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு தாளை வைத்தேன். தாளின் ஓரம் விடாமல் நடுங்கியது. டிஎஸ்ஹெச் 0.05. அப்போதுதான் கேட்டேன். நோன்பு திறந்ததும் கஞ்சியோடு, கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். மருந்து முழுதாக உள்ளே போயிருக்காது. நோன்பு முடிந்து பழையபடி காலையில் போட்டதும் 125 முழுதாக வேலை செய்திருக்கிறது. அந்தத் தாள் இன்னும் என் கண்ணில் ஆடுகிறது.

ரமலானில் மாத்திரை, விடியலுக்கு முந்தின சஹர் சாப்பாட்டுக்கு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் முன்னால். இல்லையென்றால் இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே புது நோட்டீஸ் கைக்கு வரட்டும். அடியில் "கடைசியாக மாத்திரை அளவு மாறிய தேதி" என்று எழுதிப் பக்கத்தில் இடம் விடுங்கள். அச்சுக்கூலி நான் தருகிறேன்.