களைப்பும் இளைப்பாறுதலும்

காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து எவரெஸ்ட் சிகரத்தை அடுத்துள்ள நாம்சே என்னும் சந்தை ஊருக்குச் செல்லும் பழைய மலைப்பாதை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமுள்ளது. வழியிலுள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 8,000 மீட்டருக்கு மேல் வரும். இறக்கங்களும் 6,000 மீட்டருக்குக் குறைந்தவை அல்ல. நெற்றியில் பட்டையை மாட்டி முதுகில் கூடையைத் தாங்கிய நேபாளச் சுமையாட்கள் இவ்வழியை 7 முதல் 9 நாட்களில் கடந்து வந்தனர். அவர்களையும் அவர்களுடைய சுமைகளையும் நிறுத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2005-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் நூற்றுக்கு 93 பங்கும், பெண்கள் 66 பங்கும் சுமந்தனர் என்பது அதனால் தெரியவந்தது.

இவ்வளவு பெரிய வேலையை இவர்கள் செய்து முடிக்கும் முறை கவனிக்கத்தக்கது. அவர்கள் விரைந்து நடப்பதில்லை. ஒவ்வொருவர் கையிலும் குறுக்குப்பிடி வைத்த கட்டைக் கோல் ஒன்று இருக்கும். சிறிது தூரம் நடந்ததும் அக்கோலைக் கூடையின் அடியில் ஊன்றிச் சுமையை அதன்மேல் இருத்தி, நின்றபடியே இளைப்பாறுவர். செங்குத்தான ஏற்றங்களில் சில விநாடிகள் நடப்பதும், அதனினும் நீண்ட நேரம் நிற்பதுமாகவே பயணம் நடைபெறும். மூச்சு முட்டியபின் நிற்பது அவர்கள் வழக்கம் அன்று. மூச்சு முட்டும் முன்னரே நின்றுவிடுவர். தமிழ்நாட்டுப் பழைய சாலைகளின் ஓரத்தில் இன்றும் ஆங்காங்கே காணப்படும் சுமைதாங்கிக் கற்களும் இப்பயன் கருதி நாட்டப்பட்டவையே. தலைச்சுமையைப் பிறர் துணையின்றி இறக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அவை அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுவும் வழக்கமும் இருந்தது.

ஓய்வு எவ்வளவு வேண்டும் என்று கேட்பவர் பலர். எப்பொழுது வேண்டும் என்று கேட்பவர் சிலரே. உடலியல் ஆராய்ச்சியில் இரண்டாவது கேள்விக்கே முதலிடம் கிடைத்துள்ளது. அதனை முதன்முதல் கருவி கொண்டு ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் இத்தாலி நாட்டு டூரின் நகரத்துப் பேராசிரியர் ஆஞ்சலோ மோஸ்ஸோ ஆவார். அவர் அமைத்த ‘எர்கோகிராப்’ என்னும் கருவி மிக எளியது. முன்கையை அசையாமல் கட்டிவைத்து, நடுவிரலில் கயிற்றை மாட்டி, அக்கயிற்றின் மறுமுனையில் எடைக்கல் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். குறித்த தாளத்துக்கு ஏற்ப விரலை மடக்கி எடையைத் தூக்கவேண்டும். ஒவ்வொரு தூக்கலின் உயரமும் சுழலும் உருளை ஒன்றில் கோடாகப் பதியும். முதற்கோடுகள் உயரமாயிருக்கும், பின்னர் படிப்படியாகக் குட்டையாகி, இறுதியில் விரல் அசையாது நின்றுவிடும். களைப்பு என்னும் உணர்ச்சிக்கு இவ்வாறு ஓர் உருவம் கிடைத்தது. இச்சோதனைகளைத் தொகுத்து 1891-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார்.

அவருடைய ஆராய்ச்சிசாலையில் பணியாற்றிய மாஜியோரா என்பவர் கண்ட முடிவு இன்றளவும் நினைவிற்கொள்ளத் தக்கது. ஒரு தசை 30 முறை சுருங்கி முற்றிலும் களைத்துப்போனால், அது பழைய நிலையை அடைய 2 மணி நேரம் ஓய்வு தேவைப்பட்டது. 15 முறையோடு நிறுத்திவிட்டால் எவ்வளவு ஓய்வு போதும்? பாதி வேலைக்குப் பாதி ஓய்வு, அதாவது 1 மணி நேரம் என்றே எவரும் கணக்கிடுவர். ஆனால் அரை மணி நேரமே போதுமானதாயிற்று. இதிலிருந்து ஓர் எளிய கணக்குப் போடலாம். முற்றிலும் களைக்கும்வரை வேலை செய்து பின்னர் 2 மணி நேரம் இளைப்பாறுபவர் அவ்விடைவெளியில் பெற்ற பயன் 30 தூக்கல்கள். பாதியில் நிறுத்தி அரைமணிக்கொரு முறை தொடங்குபவர் அதே காலத்தில் 60 தூக்கல்களை முடித்துவிடுவார். இறுதியில் செய்த சில தூக்கல்களே பெரும் விலை கேட்கின்றன. களைத்த தசையைக் கொண்டு செய்விக்கும் சிறு வேலை, களைப்பில்லாத தசை செய்யும் பெரு வேலையைவிட அதிகக் கேடு செய்யும் என்று மோஸ்ஸோ எழுதியது இது கருதியே.

ஒரு விரலுக்குப் பொருந்துவது முழு உடலுக்கும் பொருந்துமா என்னும் ஐயத்துக்கு ஸ்டாக்ஹோம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1960-இல் விடை கண்டனர். நிலைச் சைக்கிள் ஒன்றில் ஒருவரை 350 வாட் அளவுள்ள கடும் வேலையில் ஈடுபடுத்தினர். இடைவிடாது மிதித்தபோது அவர் 9 நிமிடங்களில் ஓய்ந்துபோனார். அதே வேகத்தில் 3 நிமிடம் மிதித்து 3 நிமிடம் இளைப்பாறும் முறையில் ஒரு மணி நேரத்தை முடித்தபோது மிகவும் தளர்ந்திருந்தார். இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகுதியாக ஏறியிருந்தது. 30 விநாடி மிதித்து 30 விநாடி இளைப்பாறியபோதோ, அதே ஒரு மணி நேரத்தில் அதே அளவு வேலையைச் செய்தும் பெரிய களைப்புத் தோன்றவில்லை. லாக்டிக் அமிலமும் சிறிதளவே ஏறியது. செய்த வேலையும் ஒன்று, பெற்ற ஓய்வும் ஒன்று. பங்கிட்ட முறை மட்டுமே வேறு. தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் சிவப்புப் பொருள் சிறிதளவு பிராணவாயுவைச் சேமித்து வைத்திருக்கிறது. சில விநாடி வேலைக்கு அச்சேமிப்பே உதவுகிறது. அடுத்த சில விநாடி ஓய்வில் அது மீண்டும் நிரம்பிவிடுகிறது என்று அவர்கள் விளக்கம் கூறினர்.

தசை களைப்பதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்தது. தசைச் சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்ற ஹில், மேயர்ஹாப் ஆகிய இருவரின் காலத்திலிருந்து அக்கருத்து வேரூன்றியது. இன்று அது பெரிதும் மாறிவிட்டது. அவ்வமிலத்திலிருந்து தோன்றும் லாக்டேட் என்பதை இதயமே எரிபொருளாக ஏற்றுக்கொள்ளுகிறது. கடும் வேலையின்போது தசை அணுக்களுள் பெருகும் பாஸ்பேட் முதலியனவே சுருங்கும் ஆற்றலைக் குறைப்பதில் பெரும்பங்கு கொள்கின்றன என்பது இக்காலத்தார் கருத்து.

அசையாமல் இருப்பதே ஓய்வு என்று கொள்வதும் பொருந்தாது. நீரேந்திய வாளியைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பவர் வேலை எதுவும் செய்யாதவர்போல் தோன்றுவார். எனினும் இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களைத் தானே நெருக்கிக்கொள்ளுவதால், சுருங்கி விரியும் தசையைவிட விரைவில் அது களைத்துவிடும். நாள் முழுவதும் மேஜைமுன் குனிந்திருக்கும் குமாஸ்தாவின் கழுத்தும் தோளும் வலிப்பதற்கும் இதுவே காரணம். அவருக்குச் சிறிது நடப்பதே ஓய்வு. சாரத்தின்மேல் நிற்கும் கொத்தனாருக்குச் சிறிது உட்காருவது ஓய்வு. ஒரு கை களைத்தபோது வெறுமனே இருப்பதைவிட, மற்றக் கையைச் சிறிது இயக்கினால் களைத்த கை விரைவில் தெளிவடைகிறது என்பதை ருஷ்ய நாட்டு அறிஞர் சேச்செனவ் 1903-இலேயே எடுத்துக்காட்டினார்.

மூளையின் களைப்பும் உடலைத் தாக்கும். மாஜியோரா மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்து எர்கோகிராப்பில் விரலை வைத்தபோது, அவருடைய விரல் வழக்கத்திற்கு மாறாக விரைவில் ஓய்ந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின், 2009-இல் வெளியான மற்றொரு சோதனை இதனை மேலும் தெளிவாக்கியது. ஒன்றரை மணி நேரம் இடைவிடாது கவனம் செலுத்தவேண்டிய வேலையைச் செய்த பின்னர் சைக்கிள் மிதித்தவர்கள், சராசரியாக 10½ நிமிடங்களுக்குச் சற்று மேல் தாக்குப்பிடித்தனர். அதே நேரத்தை ஆவணப் படம் பார்த்துக் கழித்த நாளில் அவர்களே 12½ நிமிடங்கள் மிதித்தனர். இதயத் துடிப்பிலோ பிராணவாயுச் செலவிலோ இவ்வேறுபாட்டை விளக்கும் குறை எதுவும் தென்படவில்லை. தொடக்கத்திலிருந்தே வேலை கடினமாகத் தோன்றியது என்பதே வேறுபாடு. மூளையால் மட்டும் உழைப்பவர் ‘நான் ஒன்றும் செய்யவில்லையே, ஏன் இந்த அயர்ச்சி?’ என்று தம்மை நொந்துகொள்ளுவதற்கு இடமில்லை.

பிற்பகல் அயர்வு வேறு வகையைச் சேர்ந்தது. உண்ட மயக்கம் என்று அதனைச் சொல்வது வழக்கமாயினும், உணவு உண்ணாதவருக்கும் அவ்வேளையில் விழிப்பு சற்றுத் தாழ்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துவரும். உறக்கமே அதனை நீக்கும். காப்பியும் தேநீரும் அதனை நீக்குவதில்லை. அது மூளையைத் தொடும் வாயிலை மட்டும் சிறிது நேரம் அடைத்துவைக்கின்றன. மாலை 5 மணிக்கு அருந்திய காப்பியின் காபீனில் பாதியளவு இரவு 10 மணிக்கும் உடலில் தங்கியிருக்கக்கூடும். அயர்ச்சியைப் போக்க அருந்தியது இரவு உறக்கத்தைக் கெடுத்து மறுநாள் அயர்ச்சியைப் பெருக்குவது இவ்வாறே. இயன்றவர்கள் பிற்பகலில் 20 நிமிடம் கண்ணயர்வது இதைவிட நன்று. உறக்கம் அதற்கு மேல் நீண்டு ஆழ்ந்துவிட்டால், எழுந்தபின் தலைக்கனமும் மந்தமும் சிறிது நேரம் தொடரும்.

இவ்வளவும் கூறியதால் ஓய்வு கூடக்கூட நன்மை கூடும் என்று கொள்ளலாகாது. 1966-இல் அமெரிக்க நாட்டு டல்லஸ் நகரில், இருபது வயதையொட்டிய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தனர். அவர்களுடைய உடல் ஏற்கக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவு நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது ஒரு வியப்பான செய்தி புலனாயிற்று. முப்பது ஆண்டு முதுமை செய்த குறைவைவிட, இளமையில் மூன்று வாரப் படுக்கை செய்த குறைவே பெரிதாயிருந்தது.

நோயினின்று தேறிவருபவர்கள் இவ்விரு விளிம்புகளுக்கும் இடையில் அலைக்கழிக்கப்படுவதைப் பல குடும்பங்களில் காணலாம். டைபாயிடு, டெங்கு போன்ற காய்ச்சல்களுக்குப் பின்னரும், 2020 முதல் பரவிய கோவிட் நோய்க்குப் பின்னரும் இது மிகுதியாகக் காணப்பட்டது. உடல் சற்றுத் தெளிந்த ஒரு நாளில், தேங்கிய வேலைகளையெல்லாம் அவர்கள் செய்துமுடிக்க முற்படுவர்; அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க இயலாது. பின்னர் அச்சத்தால் வேலையை அறவே விடுவர், தசை மெலியும், முன்னர் களைப்புத் தராத வேலையும் களைப்புத் தரும். இதற்கு வழி, நல்ல நாளை அளவுகோலாகக் கொள்ளாதிருத்தல். ஒரு வாரம் செய்த வேலைகளையும் அவற்றின் பின் இருந்த நிலையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், தளர்ந்த நாளிலும் எவ்வளவு இயலும் என்பது தெரிந்துவிடும். அந்த அளவையே தெளிந்த நாளிலும் கடைப்பிடித்து, சில நாட்கள் நிலைபெற்ற பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். காய்கறி நறுக்குவதை உட்கார்ந்து செய்வதும், துணி துவைப்பதை இரு வேளையாகப் பிரிப்பதும் அற்பமாகத் தோன்றினும் மாஜியோராவின் கணக்குக்கு இணங்கியவையே.

ஆனால் இம்முறை எல்லார்க்கும் ஏற்றதன்று. சிறு முயற்சிக்குப் பின் ஒரு நாளோ இரு நாளோ கழித்துக் கடுந்தளர்ச்சி வந்து பல நாள் நீடிக்கும் நாட்பட்ட களைப்பு நோய் ஒன்று உண்டு. அந்நோயாளிகளுக்கு அட்டவணைப்படி உடற்பயிற்சியைக் கூட்டிவரும் சிகிச்சையைப் பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் தேசிய நிறுவனம் 2021-இல் கைவிட்டது. ‘முயன்றால் முடியும்’ என்று அவர்களைத் தூண்டுவது உதவி ஆகாது.

நம் நாட்டில் ஆலைத் தொழிலாளர் ஓய்வுக்குச் சட்டமே அளவு வகுத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி, நாளொன்றுக்கு 9 மணி என வரம்பிட்டதுடன், அரைமணி இடைவேளையின்றி 5 மணி நேரத்துக்கு மேல் எவரையும் தொடர்ந்து வேலைவாங்கலாகாது என்றும் விதித்தது. சங்கு ஊதும் ஆலையில் இது நடைபெறக்கூடும். வயலிலும் செங்கற்சூளையிலும் சங்கு இல்லை. அடுக்களையில் அறவே இல்லை. கோடை வெயிலில் உழைப்பவருக்குத் தசைக்கு மட்டுமின்றி, வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் இதயம் இரத்தம் அனுப்பவேண்டியிருப்பதால், ஓய்வின் தேவை பன்மடங்காகிறது.

ஓய்வினால் தீராத களைப்பும் உண்டு. நம் நாட்டுப் பெண்களிடையே அது மிகப் பரவலானது. 2019–21-இல் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது; ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கு இருந்தது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் பிராணவாயுவை ஏந்திச் செல்லும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 14 கிராம் உள்ளவரின் இரத்தம் ஏறக்குறைய 19 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்க, 9 கிராம் மட்டுமே உள்ளவரின் இரத்தம் 12 மில்லிலிட்டரே சுமக்கும். அவர் குடம் நீரைத் தூக்கி நடக்கும்போது இதயம் அக்குறையை ஈடுசெய்ய ஓடவேண்டியுள்ளது. இத்தகையவரைச் சோம்பேறி என்று வீட்டார் ஏசுவது அறியாமையே ஆகும். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு இரும்புச் சத்து அளித்துச் செய்த ஆராய்ச்சி 1979-இல் வெளியாயிற்று. இரத்தம் ஊறியபின் அவர்கள் பறித்த கொழுந்தின் அளவு கூடியது; கருவி கொண்டு அளந்தபோது, அவர்களுடைய நடமாட்டமும் கூடியிருந்தது.

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கத்தாலும் நீங்காத அயர்ச்சி தொடருமாயின், இரத்தசோகை, நீரிழிவு, தைராய்டுக் குறை, காசநோய், மனச்சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் உண்டா என்று மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். ஹீமோகுளோபின் சோதனைக்கு வேண்டுவது சிறிதளவு இரத்தமே. இரும்பு மாத்திரை உண்பவர்கள் அதனைத் தேநீருடனோ, தேநீர் அருந்திய உடனேயோ உட்கொள்ளலாகாது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவொட்டாது தடுக்கும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றை உணவுடன் சேர்த்துக்கொண்டால் இரும்பு எளிதில் உடலில் சேரும்.