எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாத தம்பிக்கு

எங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இரண்டு வகை. தொப்பையைக் கரைக்க வரும் நடுவயதுக்காரர்கள் ஒரு வகை, உடம்பு போட வரும் இளவட்டங்கள் இன்னொரு வகை. முன்னவர்களுக்கு டாக்டர், டிவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். பின்னவர்களைக் கண்டால் ஊருக்குச் சிரிப்பு. 'ஓமக்குச்சி' என்பார்கள், 'காத்தடிச்சா பறந்துருவே' என்பார்கள். நீ வருத்தப்பட்டால் அதையும் நம்பமாட்டார்கள். "குடுத்து வெச்சவன்டா நீ, எதைத் தின்னாலும் ஏறாது" என்று பொறாமை வேறு. ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதித் தருகிறேன். வரிசை மாற்றாமல் படி. முதலாவதை முடிக்காமல் மற்றதைத் தொடாதே.

1. முதலில் டாக்டர், பிறகுதான் டம்பெல்.

சின்ன வயதிலிருந்தே ஒல்லி என்பது ஒரு கதை. போன வருஷம் போட்ட பேன்ட் இந்த வருஷம் இடுப்பில் நிற்கவில்லை என்பது வேறு கதை. முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும். 60 கிலோக்காரனுக்கு அது 3 கிலோ.

உண்மையிலேயே உடம்பு அதிவேகமாக எரிக்கும் நோய் ஒன்று உண்டு. கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி தேவைக்கு மேல் சுரப்பது அது. நன்றாகப் பசிக்கும், நன்றாகச் சாப்பிடுவாய், ஆனாலும் இளைத்துக்கொண்டே போவாய். கையை நீட்டினால் விரல் நடுங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். மற்றவர்கள் போர்வை தேடும்போது உனக்கு வியர்க்கும், தூக்கம் வராது, காரணமில்லாமல் எரிச்சல் வரும். இந்த நோயின் முக்கிய வகைக்கு கிரேவ்ஸ் நோய் என்று பெயர். 1835இல் அதை விவரித்து எழுதிய அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயரால் அப்படி வழங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். டிஎஸ்ஹெச், டி3, டி4 என்கிற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. வைத்தியம் சரியாக நடந்தால் போன எடை தானாகத் திரும்பும். அதுவரை கனமான எடையைத் தூக்காதே, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தை மேலும் விரட்டுவதாகிவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள், காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். தாகமும் சிறுநீரும் கூடி எடை குறைந்தால் சர்க்கரையைப் பார்த்துவிடு, அது இருபது வயதுக்காரனுக்கும் வரும். சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு, எதிலும் மனசு ஒட்டாமை, சாப்பாட்டின்மேலேயே வெறுப்பு, இவற்றையும் டாக்டரிடம் மறைக்காதே.

2. சோதனையில் ஒன்றும் இல்லையென்றால், 'எனக்கு மெட்டபாலிசம் ஜாஸ்தி' என்பதை விட்டுவிடு.

இதைச் சொன்னால் நிறையப் பேருக்குக் கோபம் வரும், வரட்டும். கணக்கைப் பார். உடம்பு சும்மா படுத்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் ஒரு செலவு உண்டு. அதைக் கணிக்க 1990 முதல் மிஃப்ளின்–செயின்ட் ஜோர் சூத்திரம் என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. ஆண்களுக்கு எடையைப் 10 ஆல் பெருக்கு, செ.மீ. உயரத்தை 6.25 ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டு. அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, 5 சேர். 21 வயது, 172 செ.மீ., 50 கிலோ உள்ள உனக்கு 1,475 கலோரி வருகிறது. அதே வயது, அதே உயரம், 75 கிலோ உள்ள உன் சிநேகிதனுக்கு 1,725. அவன் உடம்புதான் உன்னுடையதைவிட அதிகம் எரிக்கிறது! சுமக்கும் உடம்பு பெரிதென்றால் செலவும் பெரிது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் ஒரு பலாப்பழ அளவு வித்தியாசத்துக்கு அது போதாது.

கல்லூரி, பஸ், கொஞ்சம் கிரிக்கெட் என்று நடமாடும் உனக்கு ஒரு நாளுக்குச் சுமார் 2,200 கலோரி செலவு. உடம்பு போட வேண்டுமானால் அதற்குமேல் 300 முதல் 500 வரை வேண்டும். நீ தேட வேண்டியது அதைத்தான்.

'முப்பது வயசானா தானா சதை போடும்' என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. 29 நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்த ஆய்வு ஒன்று 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. உடம்பின் அளவைக் கழித்துப் பார்த்தால், இருபதிலிருந்து அறுபது வரை எரிக்கும் வேகம் பெரிதாக மாறுவதில்லை என்று காட்டியது. முப்பதில் விழும் தொப்பைக்கு நாற்காலியும் ராத்திரி பரோட்டாவும்தான் பொறுப்பு.

3. ஆனாலும் நீ சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவைன் என்பவரின் குழு 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே கூடுதல் அளவுதான். ஆனால் ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல். வித்தியாசம் பெரும்பாலும் உடற்பயிற்சி அல்லாத அசைவில் இருந்தது. காலை ஆட்டுவது, எழுந்து உலாத்துவது, உட்காரும் நேரத்தில் நிற்பது. சிலருக்குச் சாப்பாடு கூடினால் அவர்கள் அறியாமலேயே இந்த அசைவும் கூடிவிடுகிறது. என் கூடத்தில் இரண்டு செட்டுக்கு நடுவே ஒரு நிமிஷம் உட்காரச் சொன்னால் உட்கார முடியாத பையன்களைப் பார்த்தால் போதும், யார் இந்த வகை என்று தெரிந்துவிடும். பரம்பரையும் உண்டு. அப்பாவும் சித்தப்பாவும் ஒல்லி என்றால் உனக்கு வேலை கொஞ்சம் கூடுதல்.

'நான் எக்டோமார்ஃப் மாஸ்டர்' என்று மட்டும் வந்து நிற்காதே. 1940களில் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் உடம்பின் வடிவத்தை வைத்து மனுஷனின் குணத்தைச் சொல்லக் கிளம்பிய வகைப்பாடு அது. விஞ்ஞானம் அதைக் கைவிட்டு ரொம்ப நாளாகிறது, ஜிம்கள்தான் இன்னும் விடவில்லை.

4. ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் நோட்டில் எழுது.

நீ ஞாபகம் வைத்திருப்பது ஞாயிற்றுக்கிழமை பிரியாணியையும் கல்யாண வீட்டுப் பந்தியையும். திங்கட்கிழமை காலை டீயோடு ஓடியதும், மெஸ்ஸில் குழம்பு பிடிக்காமல் பாதியில் எழுந்ததும் ஞாபகத்தில் இருக்காது. காலையில் மூன்று இட்லி சாப்பிட்டு வயிறு முட்டிவிட்டது என்பாய், அது 200 கலோரியைத் தாண்டுவதே கஷ்டம். நோட்டு எழுதியவர்களில் பெரும்பாலானவர்களை நான் இதற்குமேல் திட்ட வேண்டியிருந்ததில்லை, பக்கத்தைப் பார்த்ததும் அவர்களுக்கே விளங்கிவிட்டது.

5. வயிற்றை நிரப்பாதே, சத்தை அடர்த்தியாக்கு.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் பாட்டிமார் சொன்னது சும்மா இல்லை. எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய், 100 கிராமில் 570 கலோரி. கொள்ளில் அதில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒல்லிக்காரன் வயிறு சீக்கிரம் நிரம்பும் வயிறு. ரசத்தையும் மோரையும் முதலில் ஊற்றி அதை நிரப்பினால் சோறு எங்கே போகும்? தண்ணீரைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடி.

இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெயைத் தாராளமாக விடு, ஒரு மேஜைக்கரண்டி 120 கலோரி. பருப்புச் சோற்றில் நெய் விடு. நீலப் பாக்கெட் ஆவின் பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6, உனக்கு ஆரஞ்சுதான். பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் தயிர். ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, 50 கிராம், 280 கலோரி. ஒரு டம்ளர் ஆரஞ்சுப் பால் 170. ஒரு வாழைப்பழம் 100. மூன்றும் சேர்ந்து 550. நீ தேடிய கூடுதல் கணக்கு இதிலேயே முடிந்துவிட்டது, சாயங்காலம் நாலு மணிக்கு, பத்து நிமிஷத்தில். கையில் காசு குறைவென்றால் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் போதும். உளுந்தங்களி செய்யத் தெரிந்த ஆள் வீட்டில் இருந்தால் நீ அதிர்ஷ்டசாலி. முழுத் தட்டு மூன்று வேளை முடியாதென்றால் முக்கால் தட்டாக ஐந்து வேளை சாப்பிடு.

6. புரதத்தை எண்ணு.

எடை தூக்குகிறவனுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 50 கிலோவுக்கு 80 கிராம். முட்டை ஒன்றில் 6, அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் வேர்க்கடலையில் 12, 100 கிராம் கோழியில் 25. சைவக்காரர்கள் சோயா உருண்டையை ஒதுக்க வேண்டாம், உலர்ந்தது 50 கிராமில் 25 இருக்கிறது. சுண்டலும் பச்சைப்பயறும் தினம் ஒரு கிண்ணம். சோற்றை மட்டும் மலைபோல் குவித்தால் இந்தக் கணக்கு வராது.

7. பசிக்கும் நேரத்தில் டீ குடிக்காதே. பசியைக் கொல்லும். சிகரெட் அதைவிட.

8. எடை தூக்கு.

கூடுதலாகச் சாப்பிட்டதைச் சதையாக்கு என்று உடம்புக்குச் சொல்ல வேறு வழி கிடையாது. வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், போதும். ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ், புல் அப்ஸ் என்று பல மூட்டுகளும் சேர்ந்து உழைக்கும் பயிற்சிகள்தான் முதல் வருஷம். வந்த அன்றே கண்ணாடி முன் நின்று பைசெப்ஸ் மட்டும் அடிக்கும் பழக்கத்தை என்னிடம் வைத்துக்கொள்ளாதே. ஜிம்முக்கு வசதி இல்லையென்றால் தண்டாலும் பஸ்கியும் இருக்கின்றன, நம் அகாடாக்களில் அதிலேயே உடம்பு வளர்த்தார்கள். முதுகில் ஒரு பையில் மணலைப் போட்டுக்கொண்டு பஸ்கி எடு. எதைச் செய்தாலும் முறை பிசகாமல் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. போன மாதம் தூக்கிய அதே எடையை இந்த மாதமும் தூக்கினால் உடம்புக்கு வளரக் காரணம் இல்லை. தினமும் பத்து கிலோமீட்டர் ஓட்டம் இப்போதைக்கு வேண்டாம்.

9. தொப்பை போடுவது தேறுவதாகாது.

'எதையாவது தின்னு, ஏறினால் சரி' என்பவர்கள் பேச்சைக் கேட்டு பஜ்ஜியும் கோலாவுமாக ஏற்றியவர்கள் உண்டு. கை கால் குச்சியாகவே இருக்க, வயிறு மட்டும் முன்னே வந்து நிற்கும். நம் நாட்டு உடம்புக்கு இது கூடுதல் ஆபத்து. புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் தங்கள் உடம்பையே ஒப்பிட்டு 2004இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு, அதுதான் நம் சர்க்கரை வியாதியின் வாசல். ஆகவே டேப்பை எடுத்து மாதம் ஒருமுறை தொடை, புஜம், இடுப்பு மூன்றையும் அள. இடுப்பு மட்டும் ஓடினால் சாப்பாட்டை மாற்று. ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லைக்கோடு.

10. டப்பா, லேகியம், ஊசி.

மாஸ் கெய்னர் டப்பாவின் பின்பக்கத்தைப் படி, பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்துதான். அந்தக் காசில் எத்தனை கிலோ கடலை வாங்கலாம் என்று நீயே போட்டுப் பார். புரோட்டீன் பவுடர் தப்பில்லை, ஆனால் அவசியமும் இல்லை. கிரியேட்டின் நாளுக்கு 3 முதல் 5 கிராம் வரை ஆரோக்கியமானவர்களுக்குப் பாதகமில்லை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பேர் ஊர் இல்லாத 'உடல் தேற்றி' பொடியையும் லேகியத்தையும் தொடவே தொடாதே. இத்தகையவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலப்படம் பிடிபட்டிருக்கிறது. இரண்டே வாரத்தில் கன்னம் உப்பும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உப்பியது நீரும் கொழுப்பும்தான். சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம், ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பொட்டலத்தோடு டாக்டரிடம் போ. பசி மாத்திரை என்று கடையில் கொடுக்கும் சைப்ரோஹெப்டடின், ஒவ்வாமைக்கான பழைய மருந்து. தூக்கம் அமுக்கும், வண்டி ஓட்டுகிறவன் கவனம். ஜிம்மில் ஊசி போட்டுவிடுகிறேன் என்று எவனாவது காதில் ஓதினால் அந்த ஜிம்மையே விட்டு வந்துவிடு. விரை சுருங்குவதிலிருந்து மாரடைப்பு வரை அதற்கு விலை உண்டு.

11. ராத்திரி ஏழெட்டு மணி நேரம் தூங்கு. போனைத் தலைமாட்டில் வைக்காதே.

12. தராசில் தினமும் ஏறலாம், ஆனால் தினமும் அழாதே.

காலையில் கழிவறை போய்வந்து, வெறும் வயிற்றில், அதே தராசில் ஏறு. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் ஒரு கிலோ முன்னே பின்னே ஆடுவது நீரும் உப்பும். வாரச் சராசரியை மட்டும் போன வாரத்தோடு ஒப்பிடு. மாதம் ஒரு கிலோ ஏறினால் நன்றாகப் போகிறாய், இரண்டுக்கு மேல் ஏறினால் பாதி கொழுப்பு. இரண்டு வாரம் நகரவே இல்லையென்றால் இன்னொரு கைப்பிடி கடலை சேர். நோட்டும் தராசும் மூன்று மாதம் ஒழுங்காக இருந்தும் ஏறவில்லையா, முதலாவது அறிவுரைக்குத் திரும்பு.

13. தங்கச்சிகளுக்குத் தனியாக ஒன்று.

எடை ரொம்பக் குறைந்தால் மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், அது டாக்டரிடம் சொல்லவேண்டிய விஷயம். எடை தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவோம் என்று பயப்படாதீர்கள். பெண் உடம்பில் அதற்கான ஹார்மோன் அவ்வளவு இல்லை. வரன் பார்க்க வருகிறவர்கள் சொல்லும் எடையை இலக்காக வைக்கவும் வேண்டாம்.

14. எங்கே நிறுத்துவது என்று இப்போதே தெரிந்துகொள்.

எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. 18.5க்குக் கீழ் குறைவு. நம் மக்களுக்கு 23க்கு மேல் அதிகம். 172 செ.மீ. உயரத்துக்கு இது 55 கிலோவிலிருந்து 68 கிலோ வரை. அதற்குள் எந்த எடையில் நின்றாலும் அது நல்ல எடைதான், ஊர் இன்னும் ஒல்லி என்று சொன்னாலும்.