வாசல் நிலைக்கு எந்த மரம்?

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. பிறகு வாசல் நிலையின் அடி உளுத்து, கரையானும் ஏறிவிட்டது. புது நிலைக்கு வேம்பு போதுமா, தேக்குதான் வேண்டுமா?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: வெயிலும் மழையும் படுகிற தலைவாசலுக்குத் தேக்கு அல்லது வேங்கை போடுங்கள். உள் அறைகளுக்கு நன்கு உலர்ந்த, முற்றிய வேம்பு போதும். ஆனால் வேம்பு கசப்பதால் கரையான் தொடாது என்று நம்பிவிடாதீர்கள். எந்த மரத்திலும் தாக்குப்பிடிப்பது வைரம், அதாவது நடுவே உள்ள கெட்டியான பகுதிதான். வெளிறிய வெள்ளைப் பகுதி தேக்கில் இருந்தாலும் கரையானுக்கு இரைதான்.

மரக்கடையில் சட்டத்தின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். தேக்கு வைரம் பொன்பழுப்பாக இருக்கும். ஓரத்தில் வெளிறிய பட்டை தெரிந்தால் அந்தச் சட்டம் வேண்டாம். வார்னிஷ் அடித்ததை வாங்காதீர்கள், நிறம் மறைந்துவிடும். பனையில் இந்த அமைப்பு தலைகீழ்: வைரம் வெளியே, மென்மையான சோறு உள்ளே. நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் பனங்கைகள் இன்றும் உறுதியாக நிற்பது, சோற்றை நீக்கி வைரத்தை மட்டும் எடுத்ததால்தான்.

மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் உளுக்காது. அதனால் வெள்ளம் கண்ட சுவர் நன்றாகக் காய்ந்தபிறகே நிலையைப் பொருத்துங்கள். நிலைக்காலை மண்ணில் புதைக்காமல் கருங்கல்மீது நிறுத்தச் சொல்லுங்கள். கரையான் மண்ணிலிருந்துதான் ஏறுகிறது. எனவே முதலில் சுவரோரம் தரையில் துளையிட்டு மருந்து செலுத்துங்கள். அதைச் செய்யாமல் விலையுயர்ந்த தேக்கை வாங்கி நிறுத்துவதில் பயனில்லை.