கீரையும் ரிக்கோட்டாவும் கலந்த பாஸ்தா

இத்தாலிய இல்லங்களில் துரிதமாகச் சித்தமாகும் உணவுகளுள், பசலைக் கீரையும் ரிக்கோட்டா என்னும் மிருதுவான பாலாடைக்கட்டியும் கலந்த பாஸ்தா விசேஷமானது. இதற்குப் பாலேடு சிறிதும் வேண்டுவதில்லை. பாஸ்தா வெந்த நீரில் கரைந்திருக்கும் மாச்சத்தே பாலாடைக்கட்டியைப் பிரியவிடாமல் பிணைத்து, அந்த மனோகரமான குழைவைத் தருகிறது.

இருவருக்கு 200 கிராம் பென்னே பாஸ்தா போதும். 2 லிட்டர் நீர் தளதளவென்று கொதித்ததும், 20 கிராம் உப்பும் பாஸ்தாவும் இட்டு, உறையில் குறித்த நேரம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில், அலசி நறுக்கிய 200 கிராம் கீரையையும் அதிலேயே அமிழ்த்திவிட்டால், தனியே வதக்கும் சிரமம் இல்லை, பசுமையும் மங்காது. வடிக்குமுன் ஒரு குவளை நீரை அவசியம் எடுத்து வைக்க வேண்டும்.

அகன்ற கிண்ணத்தில் 150 கிராம் ரிக்கோட்டா, துருவிய பார்மிஜானோ பாலாடைக்கட்டி 30 கிராம், இடித்த மிளகு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்ப் பொடி ஆகியவற்றை, அந்நீரில் மூன்று கரண்டி விட்டுக் கட்டியின்றிக் குழைத்து, சூடான பாஸ்தாவையும் கீரையையும் அதில் கொட்டிப் புரட்டுக. அடுப்பின்மேல் வைத்துக் கிளறுவது கூடவே கூடாது. உஷ்ணம் மிகுந்தால் ரிக்கோட்டா திரிந்து மணல் மணலாகிவிடும். கலவை இறுகினால் மேலும் சிறிது நீர் சேர்க்கலாம்.

பார்மிஜானோவுக்குப் பாலை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் ஆதலால், சைவ உணவினர், தாவர ரென்னெட்டால் செய்தது என்று உறையில் குறித்திருக்கும் பாலாடைக்கட்டிகளையே வாங்குவது உசிதம்.